சொல்லும் அதன் கூட்டாளிகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று பேசப்பட்டு வரும் இந்தத் தொடரிலே இன்று நான் ஆங்கில இலக்கணத்தின் ஒரு சிறு மூலையைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். இலக்கணம் என்றதும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். ஆங்கில நாவல்களை வாசிப்பவர்களும், ஆங்கிலக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டு வருபவர்களும், வீட்டிலே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவர்களும் பெரிய சொற்களிலே தடுக்கி விழுவது குறைவு. பெரிய சொல்லுக்கு அகராதி இருக்கிறது. சின்னச் சொற்களிலேதான் நாம் விழுகிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கில ஆசிரியனாக இருந்த நானும் விழுந்திருக்கிறேன். அதைப் பேச்சின் முடிவிலே சொல்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டவை மூன்று வகைச் சொற்கள். பெயரடை, வினையடை, முன்னிடைச்சொல். 'ஷி இஸ் வெரி குட் அற் மத்ஸ்' என்றொரு வாக்கியம். 'அவள் கணக்கிலே மிகவும் கெட்டிக்காரி' என்பது பொருள். இதிலே 'குட்' பெயரடை. அதற்கு முன்னே நின்று அதன் அளவைச் சொல்லும் 'வெரி' வினையடை. அதற்குப் பின்னே நின்று கணக்கை அதோடு பிணைக்கும் 'அற்' முன்னிடைச்சொல். வினையடை என்று நாம் பெயர் வைத்ததால் அது வினையை மட்டுமே தழுவும் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்திலே அது பெயரடையையும் தழுவும். இன்னொரு வினையடையையும் தழுவும். முன்னே ஒரு கூட்டாளி, பின்னே ஒரு கூட்டாளி, நடுவிலே பெயரடை. ஆங்கிலேயரின் அன்றாடப் பேச்சிலே இந்த மூவர் அணியை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கலாம்.

முதலில் பின்னே நிற்கும் கூட்டாளியைப் பார்ப்போம். 'குட்' என்ற சொல்லுக்குப் பின்னே 'அற்' வந்தால் திறமை. 'மில்க் இஸ் குட் ஃபோர் சில்ரன்' என்று 'ஃபோர்' வந்தால், பால் பிள்ளைகளின் உடம்புக்கு நல்லது என்று ஆகும். 'ஷி இஸ் குட் வித் சில்ரன்' என்றால் பிள்ளைகளோடு பழகி அவர்களைச் சமாளிக்கத் தெரிந்தவள். 'ஹி இஸ் குட் ரு ஹிஸ் மதர்' என்றால் தாயை அன்பாக வைத்துப் பார்ப்பவன். பெயரடை ஒன்றேதான். பின்னால் வந்த சின்னச் சொல் மாற, மனிதரே மாறிவிடுகிறார். 'ரயர்ட்' என்ற சொல்லும் அப்படித்தான். 'ரயர்ட் ஃப்றொம்' என்றால் வேலை செய்த களைப்பு. 'ரயர்ட் ஒவ்' என்றால் வேலையே வெறுத்துப்போன அலுப்பு. களைப்பாக இருக்கிறது, ஒருநாள் லீவு வேண்டும் என்று எழுத வந்த ஒருவர் 'ரயர்ட் ஒவ்' என்று எழுதினால், மேலதிகாரி அவருக்கு நிரந்தர ஓய்வே கொடுக்க யோசிக்கக்கூடும்.

இதெல்லாம் என்ன நியாயம் என்று மாணவர்கள் கேட்பார்கள். 'இன்ரறெஸ்ரட்' என்றால் ஏன் 'இன்'? 'ஃபொண்ட்' என்றால் ஏன் 'ஒவ்'? ஒருவரை மணம் முடித்தால் 'மறீட் வித்' என்றுதானே வரவேண்டும், ஏன் 'மறீட் ரு'? நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன்: 'பாம்புக்குப் பயம்' என்கிறோம், 'பாம்பை வெறுக்கிறேன்' என்கிறோம், பயத்துக்குக் குகரமும் வெறுப்புக்கு ஐகாரமும் வந்தது என்ன நியாயம்? எங்கள் பக்கத்துப் பேச்சிலே 'அவனிலை கோபம்' என்றால் அவன் செய்த காரியத்தால் மனம் கொதிக்கிறது. 'அவனோடை கோபம்' என்றால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இந்த வேறுபாட்டை எந்தப் பாடசாலையிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாய் மடியிலே இருந்து கேட்டுப் பழகினோம். ஆங்கிலப் பிள்ளையும் 'ஆங்றி வித்' என்று ஆளுக்கும், 'ஆங்றி எபௌற்' என்று விஷயத்துக்கும் சொல்ல அப்படித்தான் பழகியது.

இந்த இரண்டு மொழிகளும் ஒரே வேலையை இரண்டு இடங்களிலே செய்கின்றன என்பதுதான் இதிலே கவனிக்க வேண்டியது. தொல்காப்பியர் விளியோடு சேர்த்து வேற்றுமையை எட்டாக வகுத்தார். அந்த உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொள்பவை. ஆங்கிலமும் ஒரு காலத்திலே அப்படி இருந்ததுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்திலே வழங்கிய பழைய ஆங்கிலத்திலே பெயர்ச்சொற்களின் இறுதியிலே வேற்றுமை விகுதிகள் இருந்தன. அழுத்தம் இல்லாமல் உச்சரிக்கப்பட்ட அந்த விகுதிகள் காலப்போக்கிலே மழுங்கி ஒன்றோடொன்று கலந்தன. 1400ஆம் ஆண்டிலே காலமான சோசரின் காலம் வருவதற்குள் அவற்றிலே பெரும்பாலானவை உதிர்ந்து போயின. உதிர்ந்தவற்றின் வேலையைச் செய்யச் சொல்லொழுங்கும் முன்னிடைச்சொற்களும் முன்வந்தன. ஆகவே ஆங்கில முன்னிடைச்சொல்லைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. எங்கள் உருபு பெயருக்குப் பின்னே நின்று செய்வதை, அது பெயருக்கு முன்னே வந்து நின்று செய்கிறது.

ஆனால் 'அற்' என்றால் 'இல்', 'ஃபோர்' என்றால் 'கு' என்று ஒன்றுக்கு ஒன்று வாய்ப்பாடு போட்டு மனனம் செய்தால் அங்கேதான் ஆபத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. பின்னால் தேவைப்படும்.

இனி முன்னே நிற்கும் கூட்டாளி. 'வெரி' எல்லோருக்கும் தெரிந்த சொல். அதன் பக்கத்து வீட்டுக்காரன் 'ரூ'. 'ஷி இஸ் ரூ பியூற்றிஃபுல்' என்று எங்கள் இளைஞர்கள் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். 'ரூ' என்பது மிகுதியைச் சொல்லும் சொல் அல்ல. எல்லை கடந்ததைச் சொல்லும் சொல். 'வெரி ஹொற்' என்றால் தேநீர் நல்ல சூடு. 'ரூ ஹொற்' என்றால் வாய் வைக்க முடியாத சூடு. 'ஃபெயார்லி', 'றாதர்' என்ற இரண்டும் ஓரளவு என்ற பொருள் தருபவை. அவற்றுக்குள்ளும் ஒரு பாகுபாடு உண்டு. அறை 'ஃபெயார்லி வோர்ம்' என்றால், அந்தச் சூடு சொல்பவருக்குப் பிடித்திருக்கிறது. 'றாதர் வோர்ம்' என்றால் அவர் யன்னலைத் திறக்கச் சொல்லப் போகிறார். வெப்பமானியிலே இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். வினையடை மனதை அளக்கிறது.

இன்னொரு பொறி 'லி' என்ற விகுதி. அதைச் சேர்த்தால் பெயரடை வினையடையாகிவிடும் என்று படிக்கிறோம். பெரும்பாலும் சரிதான். ஆனால் 'ஹி வேர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவன் கடும் உழைப்பாளி. 'ஹி ஹார்ட்லி வேர்க்ஸ்' என்றால் அவன் வேலையே செய்வதில்லை. 'லேற்' என்றால் பிந்தி. 'லேற்லி' என்றால் அண்மைக் காலமாக. நற்சான்றிதழ் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு 'லி' ஒருவரின் வேலையைப் பறித்துவிடும்.

சில வினையடைகள் சில பெயரடைகளோடு மட்டும் கூடிக்கொள்கின்றன. நன்றாகத் தூங்குகிறான் என்பதற்கு 'ஃபாஸ்ற் அஸ்லீப்'. நன்றாக விழித்திருக்கிறான் என்பதற்கு 'வைட் அவேக்'. இவற்றை இடம் மாற்றினால் ஆங்கிலேயர் சிரிப்பார்கள். எங்கள் பிள்ளை ஒன்று 'செக்கச் செவேல்', 'பச்சைப் பசேல்', 'வெள்ளை வெளேர்' என்று சொல்லாமல் 'செக்கப் பசேல்' என்று சொன்னால் நாமும் சிரிப்போம் அல்லவா? ஒவ்வொரு நிறத்துக்கும் அதனதன் மிகுதிச்சொல். யாழ்ப்பாணத்தார் 'சரியான குளிர்', 'சரியான வெயில்' என்று சொல்வதிலே 'சரியான' என்பது 'மிகுந்த' என்ற பொருளைத் தருகிறது. அதை அப்படியே ஆங்கிலமாக்கினால், குளிர் பரீட்சையிலே சித்தியடைந்தது போல ஆகிவிடும்.

'அஸ்லீப்', 'அலைவ்' என்ற சொற்களைச் சற்று நின்று பார்க்கலாம். தலையிலே இருக்கும் அந்த 'அ' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்திலே 'தூக்கத்தில்', 'உயிரில்' என்ற பொருளிலே 'ஒன்' என்ற முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னே தனியாக நின்றது. நாளடைவிலே அது தேய்ந்து பெயரோடு ஒட்டிப் பெயரடையாகவே ஆகிவிட்டது. அதாவது இந்தப் பெயரடைகளின் வயிற்றுக்குள்ளே ஒரு முன்னிடைச்சொல் இருக்கிறது. அதனாலே இவை பெயருக்கு முன்னே வந்து நிற்க மறுக்கின்றன. 'தூங்கும் குழந்தை' என்பதற்கு 'அன் அஸ்லீப் பேபி' என்று சொல்வது வழக்கம் இல்லை. 'ஏ ஸ்லீப்பிங் பேபி' என்பார்கள். 'அஃப்றெய்ட்' என்ற சொல்லின் பிறப்பு வேறு. அச்சமூட்டுதல் என்ற பொருளிலே பிரெஞ்சு வழியாக வந்த ஒரு வினையின் எச்சம் அது. ஆனாலும் அதுவும் பெயருக்கு முன்னே நிற்பதில்லை. பயந்தவன் பெயருக்குப் பின்னேதான் நிற்பான் போலும்.

பெயரடைகள் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் எது முன், எது பின்? இதற்கு ஒரு கதை உண்டு. பிற்காலத்திலே ஒக்ஸ்போர்ட்டிலே பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்து, பெரும் கற்பனைக் கதைகளை எழுதிய ரோல்கின் ஏழு வயதளவிலே ஒரு ட்றாகன் கதை எழுதினாராம். அதிலே 'கிறீன் கிறேற் ட்றாகன்' என்று எழுதியிருந்தார். அப்படிச் சொல்லக்கூடாது, 'கிறேற் கிறீன் ட்றாகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று தாயார் திருத்தினாராம். ஏன் என்று அப்போதும் தமக்கு விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை என்று 1955இலே கவிஞர் ஓடனுக்கு எழுதிய கடிதத்திலே அவர் குறிப்பிட்டிருக்கிறார். சொல்பவரின் அபிப்பிராயம் முதலில், பிறகு பருமன், பிறகு வயது, நிறம், ஊர், கடைசியாகச் செய்யப்பட்ட பொருள் என்று இலக்கண நூல்கள் ஓர் ஒழுங்கு தருகின்றன. பொருளின் இயல்போடு நெருங்கியது பெயருக்கு நெருங்கி நிற்கும். நம் மனத்தோடு நெருங்கியது தள்ளி நிற்கும். தமிழிலும் 'வடிவான சின்னச் சிவப்பு ஓலைப்பெட்டி' என்றுதான் வாய் போகிறது. 'ஓலைச் சிவப்புச் சின்ன வடிவான பெட்டி' என்று சொல்லிப் பாருங்கள். பெட்டி கையிலிருந்து விழுந்துவிடும்.

இந்தக் கூட்டுகளை அறிஞர்கள் கவனிக்கத் தொடங்கியது, ஆங்கிலத்தைப் பிறமொழியாளருக்குக் கற்பித்தபோதுதான். ஆங்கிலேயருக்கு இது கண்ணுக்குத் தெரியாத விஷயம். யப்பானிலே ஆங்கிலம் கற்பித்த ஹரல்ட் பாமர் 1933இலே சொற்கூட்டுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரைத் தொடர்ந்து அங்கே பணிபுரிந்த ஹோன்பி, இரண்டு சகாக்களோடு சேர்ந்து, பிறமொழி மாணவருக்கென்றே ஓர் அகராதியைத் தொகுத்தார். 1942இலே, உலகப் போரின் நடுவிலே, ரோக்கியோவில் அது அச்சானது. 1948இலே ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் அதை மீண்டும் வெளியிட்டது. எங்கள் வீடுகளிலே மட்டை கழன்ற நிலையிலே இருக்கும் ஒக்ஸ்போர்ட் மாணவர் அகராதிகளின் மூதாதை அதுதான். ஒரு சொல்லின் பொருளை மட்டும் சொல்லாமல், அது எந்தச் சொல்லோடு சேர்ந்து நடக்கும் என்பதையும் சொன்னதே அதன் பெருமை. லாகூரிலே ஆங்கிலப் பேராசிரியராக இருந்து பின்னர் இலண்டனிலே மொழியியற் பேராசிரியரான ஃபேத், ஒரு சொல்லை அது சேர்ந்திருக்கும் கூட்டத்தைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை 1957இலே எழுதினார். மனிதரைப் பற்றி எங்கள் கிழவிகள் சொல்லி வந்ததைத்தான் அவர் சொற்களைப் பற்றிச் சொன்னார்.

முன்னிடைச்சொல்லைப் பற்றி ஒரு பழைய வழக்கும் உண்டு. அதைக் கொண்டு வாக்கியத்தை முடிக்கலாமா என்பது அந்த வழக்கு. 1672இலே கவிஞர் ட்றைடன் அதைக் குற்றமாகச் சொன்னார். 1762இலே இலக்கண நூல் எழுதிய றொபேர்ட் லௌத், பேச்சுக்கு அது பொருந்தும், உயர்ந்த எழுத்து நடைக்கு முன்னிடைச்சொல்லை முன்னே வைப்பதே அழகு என்று எழுதினார். அந்த வழக்கத்தைப் பற்றிய தமது வாக்கியம் ஒன்றையே அவர் ஒரு முன்னிடைச்சொல்லோடு முடித்தது தனிச் சுவை. பின்வந்த பாடசாலை ஆசிரியர்கள் இதைப் பெரும் பாவமாக்கினார்கள். 1926இலே ஃபவுலர் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார். நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்க 'வொற் ஆர் யூ அஃப்றெய்ட் ஒவ்?' என்பதைவிட இயல்பான வாக்கியம் ஆங்கிலத்திலே இல்லை.

அந்தப் பயத்தோடுதான் என் கதைக்கு வருகிறேன்.

நான் இளம் ஆசிரியனாகக் கரையோரக் கிராமம் ஒன்றிலே படிப்பித்த காலம். ஏழாம் வகுப்புக்கு 'என் தந்தை' என்று பத்து வரி ஆங்கிலத்திலே எழுதக் கொடுத்தேன். முப்பது கொப்பிகள். எல்லாவற்றிலும் அப்பா நல்லவர், அப்பா உயரமானவர், அப்பா வேலைக்குப் போகிறார். ஒரு பையனின் கொப்பியிலே மட்டும் இப்படி இருந்தது: 'ஐ ஆம் ஓல்வேய்ஸ் அஃப்றெய்ட் ஃபோர் மை ஃபாதர்.'

எனக்கு ஒரு கணம்கூட யோசிக்கத் தோன்றவில்லை. எங்கள் பேச்சிலே 'நான் அப்பாவுக்குப் பயம்' என்போம். அந்தக் குகரத்தைத்தான் பையன் 'ஃபோர்' ஆக்கிவிட்டான், வாய்ப்பாட்டுப் பிழை என்று தீர்மானித்தேன். 'ஃபோர்' என்பதைச் சிவப்பு மையாலே வெட்டி, மேலே 'ஒவ்' என்று எழுதினேன். 'ஐந்து தரம் திருத்தி எழுதுக' என்று கீழே குறிப்பும் போட்டேன். 'அஃப்றெய்ட்' வந்தால் 'ஒவ்' வரும் என்று கரும்பலகையிலேயும் எழுதிக் காட்டினேன்.

அடுத்த நாள் இடைவேளையிலே பையன் கொப்பியோடு வந்து நின்றான். ஐந்து தரம் எழுதியிருக்கவில்லை. அதட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்:

"சேர், 'ஒவ்' போட்டால் அப்பாவைக் கண்டு எனக்குப் பயம் எண்டுதானே வரும்? கரும்பலகையிலை அப்பிடித்தானே எழுதினீங்கள். அப்பா எங்களை ஒருநாளும் அடிக்கிறேல்லை சேர். அவர் ராவிலை கடலுக்குப் போனால் விடியுமட்டும் எனக்குப் பயம். அப்பாவுக்காகப் பயம். அதுக்கு என்ன சேர் போடுறது?"

வாடைக் காற்று வீசிய மாதம் அது. பாடசாலையிலிருந்து கூப்பிடு தூரத்திலே கடல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலை நான் மாதக் கணக்காகக் கேட்டிருந்தேன். அவன் எழுதிய வரியை வாசித்தபோது மட்டும் கேட்கவில்லை.

அவன் 'அப்பாவுக்கு' என்று நினைக்கவில்லை. 'அப்பாவுக்காக' என்று நினைத்தான். தமிழிலே அந்த இரண்டுக்கும் நடுவிலே ஓர் 'ஆக' நிற்கிறது. ஆங்கிலத்திலே 'ஒவ்' என்பதற்கும் 'ஃபோர்' என்பதற்கும் நடுவிலே நிற்பதும் அதே வேறுபாடுதான். 'அஃப்றெய்ட் ஒவ்' என்றால் ஒருவரால் நமக்கு என்ன நேருமோ என்ற பயம். 'அஃப்றெய்ட் ஃபோர்' என்றால் ஒருவருக்கு என்ன நேருமோ என்ற பயம். பையனுக்கு இலக்கணம் தெரியாது. தன் மனத்திலே இருந்தது தெரியும். எனக்கு விதி தெரியும். அந்த விதிக்கு வெளியேயும் ஒரு வாக்கியம் சரியாக இருக்கலாம் என்பது தெரியாது. பிழையில்லாத வாக்கியத்தைப் பிழையாக்கி, அன்பான ஒரு தகப்பனைப் பிள்ளையை நடுங்க வைக்கும் மனிதனாக்கி, அதை ஐந்து தரம் எழுதவும் சொல்லியிருந்தேன்.

அவன் கொப்பியை வாங்கி 'ஒவ்' என்பதை வெட்டினேன். 'ஃபோர்' என்று திரும்பவும் எழுதி, பக்கத்திலே சரி அடையாளம் போட்டேன். "நீ எழுதினதுதான் சரி, தம்பி. நான்தான் பிழை விட்டனான்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டு ஓடிவிட்டான். கரும்பலகையிலே எழுதியிருந்ததையும் அழித்துவிட்டு, அடுத்த பாடத்திலே முழு வகுப்புக்கும் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். என் ஆசிரிய வாழ்க்கையிலே நான் நடத்திய நல்ல பாடங்களில் அதுவும் ஒன்று. அதைத் தயாரித்துத் தந்தவன் ஏழாம் வகுப்புப் பையன்.

இப்போது அந்த வாக்கியத்தை இன்னொருமுறை கேளுங்கள். 'ஓல்வேய்ஸ்' என்ற வினையடை. 'அஃப்றெய்ட்' என்ற பெயரடை. 'ஃபோர்' என்ற முன்னிடைச்சொல். நான் இவ்வளவு நேரமும் பேசிய மூவர் அணி. 'அஃப்றெய்ட்' பயத்தைச் சொல்கிறது. 'ஓல்வேய்ஸ்' அந்தப் பயம் எத்தனை இரவுகள் என்று சொல்கிறது. அது அன்பினாலே வந்த பயம் என்பதைச் சொல்வது 'ஃபோர்' மட்டுந்தான்.

மொழிபெயர்ப்புச் செய்யும் நண்பர்களுக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். ஓர் ஆங்கிலக் கதையிலே ஒரு தாய் மகனை நினைத்து 'அஃப்றெய்ட் ஃபோர்' என்று வருமிடத்திலே 'அவள் மகனுக்குப் பயந்தாள்' என்று எழுதிவிட்டால், கதை முழுவதும் தலைகீழாகிவிடும். பெரிய சொற்களுக்கு அகராதியைப் புரட்டும் நேரத்திலே பாதியையாவது இந்தச் சின்னச் சொற்களுக்குக் கொடுங்கள். ஒரு பெயரடையைப் படித்தால் அதன் முன்னும் பின்னும் நிற்கும் கூட்டாளிகளோடு சேர்த்துப் படியுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள். கூட்டாளி வழக்கத்துக்கு மாறாக வந்திருந்தால், உடனே சிவப்புப் பேனையை எடுக்க வேண்டாம். எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று முதலில் கேளுங்கள்.

அந்தப் பையனின் தகப்பன் அன்றைய இரவும் கடலுக்குப் போனார். காலையிலே கரைக்கு வந்து சேர்ந்தார். எனக்குத் தெரியும். அன்று விடியற்காலையிலே நானும் எழுந்து கரைக்குப் போய் நின்றேன்.